தடியும் தட்டும்

நாவல் எழுதுகிறவன் தச்சு வேலையில் இறங்கக் கூடாது. நான் இறங்கினேன். பழைய தேக்குக் கட்டிலின் பலகையை அறுத்து, கடைசல் பட்டறையில் கனத்த அலுமினியத் தட்டு ஒன்று கடைந்து வாங்கி, சொந்தமாக ஒரு ரிகார்டு பிளேயர் செய்துவிட்டேன். அது பாடவும் பாடியது! ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை அதில் கேட்ட அன்று என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அறைக்குள் வந்தாள். 'டொக்' என்றது தடி. முள் துள்ளி நாலு சுற்றுத் தாண்டி உட்கார்ந்தது. "பார்த்து வரக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு தட்டு சுழலும்போது அந்த அறைப் பக்கமே வருவதில்லை. முழங்கால் வலிக்காரி, தடியை வைத்துவிட்டா வர முடியும்?

எங்கள் மாடித் தளம் பழங்காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்கள்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்பு போட்டது. நடந்தால் சற்றே அசையும். தட்டிலுள்ள குழியின் அகலமோ ஏறக்குறைய ஒரு தலைமயிர். அதற்குள் நெளிந்து நெளிந்து போகிறது தோடி. தளத்தின் அசைவும் தோடியும் முள்ளுக்கு ஒன்றுதான்.

ஆகவே பிளேயருக்குக் கால் வைக்க முனைந்தேன். முதலில் கைத்தடியின் அடியில் மாட்டுகிற ரப்பர் நாலு. பிறகு பஞ்சு ரப்பர். பிறகு டென்னிஸ் பந்தைப் பாதியாக அறுத்து நாலு மூலையிலும் கவிழ்த்தேன். ராத்திரி, தட்டை நிறுத்தி, முள்ளை அதன்மேல் வைத்து, ஒலியைக் கூட்டிவிட்டு, அவளுடைய தடியாலேயே தரையைத் தட்டிப் பார்ப்பேன். ஒருநாள் விழித்துக்கொண்டாள்.

"என்னங்க, என் தடியை எடுத்து இந்நேரத்தில் யாரை அடிக்கப் போறீங்க?"

பந்து வைத்ததில் தடியின் 'டொக்' மங்கியது; காலடிக்கு முள் முன்னைவிட அதிகமாகக் கூத்தாடியது! கணக்குப் போட்டபோதுதான் விளங்கிற்று. பாரம் ஏறி 1 சென்டிமீட்டர் அமுங்குகிற வில், விநாடிக்குச் சுமார் 5 முறை ஆடும். அதைப்போல் 1.4 மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் அதிர்ச்சியைத்தான் அது குறைக்கும். மெதுவாக வருவதை அப்படியே விட்டுவிடும். தன் வேகத்துக்கு ஒத்து வருவதைப் பெருக்கியே காட்டும். மனித நடையோ விநாடிக்கு இரண்டு அடிக்கு உட்பட்டது. விநாடிக்கு ஒருமுறை ஆடும் வில் வேண்டுமானால் அது 25 சென்டிமீட்டர் அமுங்க வேண்டும். அப்புறம் அதற்குப் பெயர் பிளேயர் அல்ல, ஊஞ்சல்.

1961-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் செய்த பிளேயரில் தட்டும் முள் தாங்கும் கையும் ஒரே சட்டத்தில், வில்களின்மேல் மிதந்தன. அந்த நுணுக்கத்துக்கு என் கை வராது. அசைகிற தளத்தின்மேல் நிற்பானேன் என்று, கனத்த வெளிச்சுவரில் இரண்டு இரும்புத் தாங்கி அடித்தேன். அவற்றின்மேல் கடப்பைக்கல், கல்லின்மேல் பிளேயர். மிச்சமாகிப் போன தடி ரப்பரில் ஒன்றை, தேய்ந்து கிடந்த அவள் தடிக்கு மாட்டினேன்.

தோடியை வைத்துவிட்டு, கூப்பிட்டேன். வாசற்படியிலேயே தயங்கி நின்றாள்.

"வரலாமா?"

"வா."

தடியை ஊன்றி, நாற்காலிவரை ஆறு அடி. நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். முள் அசையவில்லை.

பக்கம் முடிந்ததும், "திருப்பிப் போடுங்க" என்றாள்.