மாது கங்கையில் வாங்கிய கறுவாக் கட்டு

கறுவா இல்லாத சமையலறை எங்கள் வீடுகளில் உண்டா? நெய்ச்சோறு, புரியாணி, இறைச்சி ஆணம், நோன்புக் கஞ்சி என்று எதை அடுப்பில் வைத்தாலும் ஒரு துண்டுக் கறுவாவை முறித்துப் போடாமல் நமக்குக் கை வராது. ஆனால் அந்தக் கறுவா மரம் எப்படி இருக்கும், அதை யார் உரிக்கிறார்கள், சுருள் சுருளாக அது எப்படி வருகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் நேரில் கண்டிருக்கிறோம்? இருபது வருடமாகக் குடும்பத்துக்குச் சமைக்கும் நானும் சென்ற பாடசாலை விடுமுறை வரை கண்டதில்லை.

எங்கள் பயணத்துக்குக் காரணமே ஒரு பேஸ்ட்ரிதான். ஒருநாள் என் மகள் கொழும்பில் ஒரு கடையிலிருந்து கறுவாச் சுருள் பேஸ்ட்ரி நாலு வாங்கி வந்தாள். விலையைச் சொன்னால் ஒரு நேரச் சாப்பாட்டை முடித்துவிடலாம். மாமி ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, “எனத்தியன் மகள் இது? சீனி ஈக்கி, பட்டர் ஈக்கி, கறுவாட வாசம் எங்க?” என்று தட்டைத் தள்ளி வைத்தார்.

“அப்ப நாங்களே செய்வோம் வாப்பும்மா. கடையில பேஸ்ட்ரி ஷீட் இருக்கு, வாங்கிச் சுருட்டினாச் சரி” என்றாள் மகள்.

மாமியின் முகம் வாடிவிட்டது. எனக்குக் காரணம் தெரியும். ஒரு காலத்தில் பெருநாளைக்கு முதல் நாள் மாவைப் பிசைந்து, பட்டர் தடவி, மடித்து மடித்துத் தேய்த்து, தாள் தாளாகப் பிரியும் பேஸ்ட்ரியைத் தன் கையாலேயே செய்தவர் அவர். இப்போது மூட்டு வாதத்தால் விரல்கள் மடங்குவதில்லை. “கடை மாவில செஞ்சத எனக்குத் தர வாணாம்” என்று மட்டும் சொன்னார். அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

சில நாட்களில் மாமியின் பிறந்த ஊரான பேருவளையில் ஒரு கல்யாணம் வந்தது. போன இடத்தில் ஒரு நாள் மிச்சமிருந்தது. “உங்க ஊருக்குக் கிட்டத்தானே கறுவா. பார்த்திட்டு வருவோமா?” என்று கேட்டேன். மாமி உடனே முந்தானையைச் சரி செய்துகொண்டு எழும்பிவிட்டார்.

காலையிலேயே வேனில் புறப்பட்டோம். கடலோரத்துக் கெச்சிமலைப் பள்ளிவாசலைப் பார்த்துவிட்டு அளுத்கமையைத் தாண்டினோம். பெந்தோட்டைப் பாலத்தோடு மேல் மாகாணம் முடிந்து தென் மாகாணம் தொடங்குகிறது. இந்துருவ, கொஸ்கொட, அஹுங்கல்ல என்று கடலும் தென்னையும் கூடவே வந்தன. அதற்கு அடுத்ததுதான் பலப்பிட்டிய. அங்கே கடலோடு சேர்வது மாது கங்கை. பெயர் கங்கை என்றாலும் பார்ப்பதற்குக் குளம் போல விரிந்து கிடக்கிறது. இரு பக்கமும் கண்டல் மரங்கள், நடுவில் சின்னச் சின்னத் தீவுகள். உலகம் பாதுகாக்க வேண்டிய ஈரநிலங்களுள் ஒன்றாக, ரம்சார் பட்டியலில் 2003இல் இது சேர்க்கப்பட்டது.

படகில் ஏற மாமி முதலில் பயந்தார். என் கணவரும் படகுக்காரரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உட்கார வைத்தோம் என்று சொல்வதை விட, தூக்கி வைத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்! கண்டல் வேர்கள் குகை போல வளைந்து நிற்கும் வழியால் போய், ஒரு தீவில் இறங்கினோம். அங்கேதான் கறுவா.

மரம் என்று நினைத்துப் போன எனக்கு ஆச்சரியம்! பற்றை போல ஒரே அடியிலிருந்து பல தடிகள் கிளம்பி நிற்கின்றன. தடியை வெட்ட வெட்ட அடியிலிருந்து புதிதாய் முளைக்குமாம். இளந்தளிர் சிவப்பு, முற்றினால் பச்சை. மழை பெய்து தளிர் முற்றிய பிறகு வெட்டினால்தான் பட்டை இலகுவாய்க் கழரும். வெட்டிய தடியை அன்றன்றே உரித்துவிட வேண்டும். காய்ந்தால் கழராது.

ஓலைக் கொட்டிலுக்குள் பாயில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மாமியை விடக் கொஞ்சம் வயது குறைவாக இருக்கலாம். தடியின் வெளித்தோலை வளைந்த கத்தியால் சுரண்டினார். பிறகு ஒரு பித்தளைக் கோலை எடுத்துத் தடி முழுவதும் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். அப்படித் தேய்த்தால்தான் உள்பட்டை இளகும். பிறகு கத்தி நுனியால் நீளமாக இரண்டு கீறல். காகிதம் போன்ற பட்டை முழுசாய்க் கையோடு வந்தது. கொட்டில் முழுவதும் மணம்!

ஒரு பட்டைக்குள் இன்னொரு பட்டையை வைத்து, சிறு துண்டுகளை நடுவில் நிரப்பி, மூன்றரை அடி நீளச் சுருளாக்கினார். கூரைக்குக் கீழே கட்டிய கயிறுகளில் அந்தச் சுருள்கள் நிழலில் காய்ந்துகொண்டிருந்தன. மெல்லியதற்கே மதிப்பு அதிகம். சுண்டு விரலை விட மெல்லிய முதல்தரச் சுருளுக்கு ‘அல்பா’ என்று பெயர்.

நன்றாகச் சிங்களம் பேசும் மாமி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “கை நோகிறதில்லையா நங்கி?” என்று கேட்டார். “நோகும். தோளும் நோகும். பதினாலு வயசில அம்மாவிடம் பழகின வேலை” என்றார் அவர். “உன் பிள்ளைகள் பழகினார்களா?” என்று மாமி விடவில்லை. “ஒருவரும் வரவில்லை. மகள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். நாள் முழுக்க நிலத்தில் குந்தியிருக்க இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு முடியுமா? எனக்குப் பிறகு இந்தக் கொட்டிலில் ஆளில்லை.”

மாமி ஒன்றும் பேசவில்லை. தன் மடங்காத விரல்களை மடியில் வைத்து, அந்தப் பெண்ணின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் சின்னப் பட்டைக்காக எத்தனை கப்பல்கள் வந்தன! 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, புத்தளப் பக்கக் கடற்கரையில் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததை எழுதியிருக்கிறார். முஸ்லிம் வணிகர் கையில் இருந்த வியாபாரத்தை 1505இல் வந்த போர்த்துக்கீசர் பறித்தனர். அவர்களை விரட்டிய ஒல்லாந்தர், களவாகக் கறுவா வெட்டினால் மரண தண்டனை வரை விதித்தனர். கறுவா உரிக்கும் குடும்பங்களைக் கட்டாய வேலையில் வைத்திருந்தனர். காட்டுக் கறுவா போதாமல், 1760களில் கொழும்பிலேயே பயிரிடவும் தொடங்கினர். இன்று பெரிய மாளிகைகள் நிற்கும் கொழும்பு 7க்குக் கறுவாத்தோட்டம் என்று பெயர் வந்தது அதனால்தான். 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ‘சிலோன் சினமன்’ என்ற பெயரை இலங்கைக்கே உரியதெனப் பதிவு செய்தது. இத்தனை பெருமையும் கடைசியில் பாயில் குந்தியிருக்கும் சில கைகளில்தான் தங்கியிருக்கிறது.

புறப்படும்போது மாமி ஒரு கட்டுக் கறுவா வாங்கினார். கீரைக்காரனிடம் கூட அரை மணித்தியாலம் பேரம் பேசுகிறவர், அன்று ஒரு வார்த்தை பேசாமல் கேட்ட காசைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மாமியே மகளைக் கூப்பிட்டு, “உண்ட ஷீட்டக் கொண்டு வா” என்றார்!

சகோதரிகளே, நாங்கள் செய்த முறை இதுதான். பேஸ்ட்ரி ஷீட் வாங்கும்போது அதில் சேர்த்த கொழுப்பு எதிலிருந்து எடுத்தது என்று பொதியில் வாசித்து, ஹலாலானதையே வாங்குங்கள். பத்து அங்குலச் சதுர ஷீட் ஒன்றுக்கு மென்மையான பட்டர் 50 கிராம், சிவப்புச் சீனி அரைக் கோப்பை, கறுவாத்தூள் ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை போதும். சீனிக்குப் பதிலாகத் துருவிய கித்துள் கருப்பட்டியும் போடலாம்.

உறைந்த ஷீட்டை விரிக்கும் பதம் வரும் வரை மட்டும் வெளியே வையுங்கள். நம் நாட்டு வெக்கையில் அதிக நேரம் விட்டால் உள்ளிருக்கும் பட்டர் உருகி, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பட்டரைத் தடவி, கறுவாவும் சீனியும் கலந்து தூவி, இறுக்கமாகச் சுருட்டுங்கள். சுருளை இருபது நிமிடம் குளிரூட்டியில் வைத்த பின் ஓர் அங்குலத் துண்டுகளாக வெட்டி, இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே முட்டை பூசி, முன்கூட்டியே 200 பாகை செல்சியசுக்குச் சூடாக்கிய அவனில் 20 முதல் 25 நிமிடம் வரை வேக விடுங்கள். அவன் நன்றாகச் சூடேறியிருந்தால்தான் நீராவி எழுந்து தாள்களைப் பிரிக்கும்.

கறுவாத்தூளை மட்டும் கடையில் வாங்காதீர்கள். தூளில் எது கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. நம் கறுவா பல மெல்லிய பட்டைகள் சேர்ந்த சுருள், கையால் நொறுக்கலாம். கசியா எனப்படும் மற்றப் பட்டை ஒரே தடித்த பட்டை. கல் போல இருக்கும். கசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அதை நாள்தோறும் அளவுக்கு மிஞ்சி உண்டால் ஈரலுக்குக் கேடு. நம் கறுவாவில் அது மிகச் சொற்பமே. ஆகவே சுருளாய் வாங்கி, உடைத்து, அரைத்து, சலித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தச் சலிக்கும் வேலையை மாமியே எடுத்துக்கொண்டார். அதற்கு விரல் மடங்கத் தேவையில்லை. அரிதட்டை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துத் தட்டினால் போதும். தட்டில் வைத்த சூடான பேஸ்ட்ரியில் ஒன்றை எடுத்து முழுவதையும் சாப்பிட்டார்.

“மா ஆர்ட மாவா இருந்தா எனத்தியன் மகள்? கறுவா அந்தப் பொம்புளட கறுவா” என்றார்.

மிச்சச் சுருள்களை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, தன் அலுமாரியில் வைத்திருக்கிறார். கேட்டால்தான் ஒன்று தருவார். முடிந்தால் நீங்களும் பிள்ளைகளோடு ஒருமுறை பலப்பிட்டிய பக்கம் போய் வாருங்கள். அங்கே உரிக்கும் கைகள் இருக்கும்போதே பிள்ளைகள் அதைப் பார்க்கட்டும்.