தானாக வரட்டும்

ஜூலை மாதக் கடைசிச் சனிக்கிழமை. சுங்கைப் பட்டாணியில் உள்ள அந்த வீட்டின் சாப்பாட்டு மேசைமீது ஒரு நெகிழிப் பெட்டி இருந்தது. அதன் மூடியில் சிறு சிறு துளைகள். கவின் குனிந்து துளை வழியாகப் பார்த்தான். உள்ளே இருந்து இரண்டு கண்கள் அவனைப் பார்த்தன.

“இதன் பெயர் முத்து. இனிமேல் உன் பொறுப்பு,” என்றான் மாறன்.

மாறன் கவினுடைய பெரியப்பா மகன். கூச்சிங்கில் வேலை கிடைத்து மறுநாள் புறப்படவிருந்தான். வாடகை அறையில் முத்துவை வைத்துக்கொள்ள வழியில்லை. மூன்று ஆண்டுகள் வளர்த்த உயிரை யாரிடம் ஒப்படைப்பது என்று பல நாள் யோசித்த பிறகே படிவம் இரண்டில் பயிலும் தம்பியைத் தேர்ந்தெடுத்திருந்தான்.

முத்து ஒரு சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடலில் கரும்புள்ளிகள் இருப்பதால் அந்தப் பெயர். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலங்கள்தாம் அந்த இனத்தின் தாயகம். நன்றாகப் பராமரித்தால் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர் வாழும். மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பட்டியலிட்டுள்ள விலங்குகளை உரிமமின்றி வைத்திருப்பது குற்றமாகும். ஆகவே, மாறன் முத்துவை வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் விசாரித்திருந்தான். அது தொடர்பான தாள்களையும் ஓர் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

பாட்டிக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. “சுவரில் ஓடுகிற பல்லி போதாதா? ஒரு பல்லிக்கு வீடு, விளக்கு, சாப்பாடு, இதில் தாள் வேறா?” என்று முகவாயில் கை வைத்தார். பிறகு கிட்டே வந்து பெட்டிக்குள் உற்றுப் பார்த்தவர் திடுக்கிட்டார். “அட, இது கண்ணை மூடித் திறக்கிறதே!”

பாட்டி கவனித்தது உண்மைதான். வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. அது நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கோ இமை உண்டு. அதன் விரல்களில் ஒட்டும் தன்மை இல்லாததால் கண்ணாடியிலும் சுவரிலும் ஏறாது. அது தரையில் வாழும் பல்லி.

மாறன் மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியைக் கவினுடைய அறையில், வெயில் நேராகப் படாத மூலையில் வைத்தான். தொட்டியின் ஒரு பக்கத்திற்கு அடியில் மட்டும் வெப்ப விரிப்பு. சூடு 32 பாகை செல்சியசைத் தாண்டாமல் இருக்க ஒரு கட்டுப்பாட்டுக் கருவி. மறுபக்கம் அறையின் வெப்பத்திலேயே விடப்பட்டது. பல்லி தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடு வேண்டுமென்றால் சூடான பக்கத்திற்கும், போதும் என்றால் குளிர்ந்த பக்கத்திற்கும் நகரும். அதனால்தான் இரு பக்கங்களிலும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். தோல் உரிக்கும் காலத்திற்காக, ஈரப்பாசி நிரப்பிய மூன்றாவது மறைவிடமும் வைக்கப்பட்டது. தரையில் மணலுக்குப் பதிலாகக் காகிதத் துண்டுகளை விரித்தான்.

புறப்படும் முன் மாறன் ஒரு குறிப்பேட்டைத் தம்பியிடம் கொடுத்தான். உணவு, சுண்ணாம்புச் சத்துத் தூள், எடை என எல்லாம் அதில் எழுதப்பட்டிருந்தன. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி, சிவப்பு மையில்: ‘முதல் ஏழு நாள் தொடாதே.’

“ஏன் அண்ணா? உங்கள் கையில் இது எவ்வளவு அமைதியாக உட்காருகிறது!”

“என் கை அதற்குத் தெரியும். உன் கை தெரியாது. இந்த அறையின் வாசனைகூட அதற்குப் புதிது. நம்மைவிட நூறு மடங்கு பெரிய ஒன்று வந்து நம்மைத் தூக்கினால் நமக்கு எப்படி இருக்கும்? தண்ணீர் மாற்று, இரை வை, மற்றபடி விட்டுவிடு,” என்றான் மாறன்.

ஞாயிற்றுக்கிழமை முத்து மறைவிடத்தை விட்டு வெளியே வரவில்லை. திங்கட்கிழமை வைத்த மாவுப்புழுக்கள் கிண்ணத்திலேயே நெளிந்துகொண்டிருந்தன. இடம் மாறிய பல்லி சில நாள் உண்ணாமல் இருப்பது இயல்பு என்று குறிப்பேட்டில் இருந்தது. அதைப் படித்த பிறகும் கவினுக்கு மனம் ஆறவில்லை. இரவில் இரண்டு முறை எழுந்து தொட்டியைப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை பள்ளி நண்பன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். கவின் இரண்டு நாளாக வகுப்பில் முத்துவைப் பற்றியே பேசியிருந்தான். “எங்கே உன் சிறுத்தை? வெறும் பெட்டிதானே இருக்கிறது?” என்று நண்பன் கேலியாகக் கேட்டான்.

அந்தக் கேலி கவினுக்குச் சுட்டது. சிவப்பு மையில் எழுதிய வரி அவன் நினைவுக்கு வராமல் இல்லை. ஆயினும், ‘ஒரு நிமிடம்தானே’ என்று எண்ணிக்கொண்டு மறைவிடத்தைத் தூக்கினான். உறங்கிக்கொண்டிருந்த முத்து விழித்து, முதுகை வளைத்து, வாலை உயர்த்தி மெல்ல அசைத்தது. அது எச்சரிக்கை என்பது கவினுக்குத் தெரியவில்லை. மேலிருந்து கையை இறக்கி அதைப் பிடித்தான்.

கீச்சென்று ஒரு சத்தம். முத்து கையை விட்டுத் துள்ளித் தொட்டியின் மூலைக்கு ஓடியது. காகிதத் துண்டின்மேல் அதன் வால் மட்டும் தனியே கிடந்து துடித்தது.

நண்பன் ஒன்றும் பேசாமல் வீட்டிற்குப் போனான். வால் சில நிமிடங்கள் துடித்து ஓய்ந்தது. கவினுடைய கைகள் அதற்குப் பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தன.

காட்டில் பருந்தோ நரியோ பிடிக்க வரும்போது, பல்லி தன் வாலைக் கழற்றி விட்டுவிட்டு ஓடும். துடிக்கும் வாலை எதிரி பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அது தப்பிவிடும். சிறுத்தைப் பல்லிக்கு வால்தான் களஞ்சியம். பஞ்ச காலத்திற்கு வேண்டிய கொழுப்பை அதில்தான் சேர்த்து வைத்திருக்கும். அந்தச் சேமிப்பை இழந்தாலும் பரவாயில்லை என்னும் அளவிற்கு உயிர்ப்பயம் வந்தால்தான் அது வாலை விடும். கவினைக் கண்டுதான் முத்து அப்படிப் பயந்திருந்தது.

அன்றிரவு கவின் சாப்பிட வரவில்லை. மாறன் கைப்பேசியில், ‘முத்து எப்படி இருக்கிறது?’ என்று கேட்டிருந்தான். கவின், ‘நன்றாக இருக்கிறது’ என்று தட்டச்சு செய்தான், அழித்தான், மறுபடியும் தட்டச்சு செய்தான். கூச்சிங் தொலைவில் இருக்கிறது. அண்ணன் தீபாவளிக்குத்தான் வருவான். அதற்குள் வால் வளர்ந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

பாட்டி அறைக்குள் வந்து தொட்டியைப் பார்த்தார். பிறகு பேரனைப் பார்த்தார். நடந்தது அவருக்குப் புரிந்தது.

“வால் முளைக்கும் ஐயா. சுவர்ப் பல்லிக்கு முளைப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். ஆனால், அது பட்ட பயம்? முளைக்கிற வாலோடு அது போய்விடுமா?” என்றவர், கட்டிலில் அமர்ந்தார். “தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் ஒரு பசு வாங்கினோம். வேறு தோட்டத்து மாடு. வந்த அன்றே நான் செம்பை எடுத்துக்கொண்டு மடியில் கை வைத்தேன். ஒரே உதை! செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். உன் தாத்தா திட்டவில்லை. ‘பதறாத காரியம் சிதறாது’ என்று மட்டும் சொன்னார். அப்புறம் தினமும் சும்மா போய்ப் பக்கத்தில் நின்றேன். புல் போட்டேன், பேசினேன். பத்தாம் நாள் அதுவே என் தோளில் முகத்தை உரசியது. பால் அதற்குப் பிறகுதான்.”

பாட்டி எழுந்து போனதும் கவின் கைப்பேசியில் எழுதியதை அழித்துவிட்டு மாறனை அழைத்தான். எதையும் மறைக்கவில்லை. நண்பன்மீது பழி போடவும் இல்லை. மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. அந்த அமைதி கவினுக்கு எந்தத் திட்டைவிடவும் கனமாக இருந்தது.

“சொன்னாயே, அது போதும்,” என்றான் மாறன் கடைசியில். “நீ மறைத்திருந்தால் அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்ல ஆள் இருந்திருக்காது. இப்போது எழுதிக்கொள்.”

காகிதத் துண்டை நாள்தோறும் மாற்ற வேண்டும். காயத்தில் அழுக்குப் படக்கூடாது. வீக்கமோ சீழோ தெரிந்தால் உடனே விலங்கு மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். சேமிப்புப் போய்விட்டதால் இரையை நாள் தவறாமல் வைக்க வேண்டும். சுவர்க்கோழிகள் முத்துவின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரியவையாக இருக்கக்கூடாது. தின்னாமல் விட்டவற்றை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அவை பல்லியைக் கடிக்கும். ஞாயிறுதோறும் எடை பார்க்க வேண்டும். அதற்கும் முத்துவைத் தொடக்கூடாது. அது உறங்கும் மறைவிடத்தோடு தராசில் வைத்து, மறைவிடத்தின் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முத்து 52 கிராம் இருந்தது. குறிப்பேட்டில் மாறன் கடைசியாக எழுதியிருந்தது 61 கிராம். கவின் அந்த எண்ணுக்குக் கீழே புதிய எண்ணைத் தன் கையால் எழுதினான்.

அன்று முதல் இரவு எட்டு மணிக்கு, வீட்டுப்பாடத்தை முடித்ததும், கவின் தொட்டியின் அருகில் உட்காரத் தொடங்கினான். சிறுத்தைப் பல்லி அந்தி சாய்ந்த பிறகே நடமாடும் உயிரினம். அதன் நேரத்திற்கு அவன் தன்னை மாற்றிக்கொண்டான். முதல் வாரம் எதுவும் செய்யவில்லை. வரலாற்றுப் பாடத்தை மெதுவாக வாய்விட்டுப் படித்தான். இரண்டாம் வாரம், தான் உடுத்திய பழைய சட்டையிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தொட்டியில் போட்டான். அவன் வாசனை முத்துவின் வீட்டு வாசனைகளில் ஒன்றாக வேண்டும் என்பது மாறன் சொன்ன வழி. முத்து முதலில் அதைச் சுற்றிக்கொண்டு போனது. ஐந்தாம் நாள் அதன்மேல் படுத்து உறங்கியது.

காயம் ஆறியபின், நான்காம் வாரத்தில் கவின் கையைச் சவர்க்காரத்தால் கழுவிவிட்டு, உள்ளங்கை மேலே தெரியுமாறு தொட்டியின் தரையில் வைத்தான். மேலிருந்து வரும் எதுவும் பல்லிக்குப் பருந்துதான்; தரையில் கிடப்பது வெறும் கல். ஆகவே, அவன் கை கல்லாகக் கிடந்தது. பத்து நிமிடத்தில் தோள் வலித்தது. முத்து வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கையை வெளியே எடுத்ததும் மீண்டும் கழுவினான். ஊர்வனவற்றின் உடலில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் முன்னும் பின்னும் கை கழுவுவது வீட்டின் விதி ஆனது.

சில நாள்களில் பாட்டியும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரத் தொடங்கினார். “இன்றைக்கு எட்டிப் பார்த்தது,” “இன்றைக்கு முன்னங்காலை வெளியே வைத்தது” என்று அவரே கணக்குச் சொன்னார்.

ஆறாம் வாரம், முத்து மறைவிடத்திலிருந்து வந்து கவினுடைய நடுவிரலை நாக்கால் தொட்டுப் பார்த்தது. கவின் மூச்சைப் பிடித்துக்கொண்டான். அதைத் தூக்கிவிடலாம் என்று ஓர் ஆசை எழுந்தது. ஆனால், காகிதத் துண்டின்மேல் துடித்த வால் கண்முன் வந்தது. விரலை அசைக்கவில்லை. முத்து திரும்பிப் போய்விட்டது.

ஒன்பதாம் வாரத்தில் ஓர் இரவு, முத்து முதலில் ஒரு காலை அவன் உள்ளங்கையில் வைத்தது. பிறகு மற்றொன்று. பின்னர் முழு உடலும் ஏறி, கையின் சூட்டில் வயிற்றைப் பதித்து அமர்ந்தது. ஒரு கோழி முட்டையின் கனம்கூட இல்லை. நாயைப்போல் அது வாலாட்டவில்லை. பூனையைப்போல் உரசவும் இல்லை. ஒரு பல்லி மனிதனிடம் அன்பு காட்டும் என்று குறிப்பேட்டில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அதனிடம் முன்பு இருந்த ஒன்று இப்போது இல்லை, அது பயம். முத்து கண்களை மெல்ல மூடித் திறந்தது. பாட்டி சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

தீபாவளிக்கு மாறன் வந்தபோது முத்துவுக்குப் புதிய வால் வளர்ந்திருந்தது. பழைய வாலில் இருந்த வளையங்கள் இதில் இல்லை. குட்டையாக, வழவழப்பாக, கிழங்குபோல் பருத்திருந்தது. தராசு 60 கிராம் காட்டியது. மாறன் அந்த வாலை வெகுநேரம் பார்த்தான். பிறகு குறிப்பேட்டைப் புரட்டினான். ஞாயிறுதோறும் ஓர் எண் தவறாமல் எழுதப்பட்டிருந்தது.

“கூச்சிங்கில் பெரிய வீடு கிடைத்தாலும் இதை இனி இடம் மாற்ற மாட்டேன். இது உன் கையைக் கற்றுக்கொண்டுவிட்டது,” என்றான்.

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் அதே நண்பன் வீட்டிற்கு வந்தான். தொட்டியின் முன் தயங்கி நின்றான். “தொடலாமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

“முதலில் கை கழுவிவிட்டு வா,” என்றான் கவின். நண்பன் கழுவிவிட்டு வந்ததும் தொட்டியின் மூடியைத் திறந்தான். “கையைத் தரையில் வை. அசைக்காதே. இன்றைக்கு வராமலும் போகலாம். வந்தால், தானாக வரட்டும்.”

நண்பன் கையை வைத்தான். இருவரும் பேசாமல் காத்திருந்தார்கள்.