நாலு நிமிடம் ஓடி நிற்கும் படம்

மாத்தளையிலிருந்து வடக்கே தம்புள்ளை, கண்டலம, சீகிரியா என்று போகப் போக ஹோட்டல்கள்தான். அவற்றில் ரீவி சனல்களைக் கணினி வலையமைப்பு வழியே அறைகளுக்குக் கொண்டுபோகும் வேலை வந்தால் மல்டிகாஸ்டும் கூடவே வரும். ஒரு ஹெச்.டி. சனலுக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால், 100 அறைகளில் ஒரே கிரிக்கெட் ஆட்டம் ஓடும்போது தனித்தனியே அனுப்ப 800 மெகாபிட் வேண்டும். மல்டிகாஸ்டில் சேர்வரிலிருந்து புறப்படுவது 8 மட்டுமே. வழியிலுள்ள ரவுட்டரும் சுவிட்சும் கேட்டவருக்கு மட்டும் பிரதி எடுத்துக் கொடுக்கின்றன. 1989இல் ஸ்டீவ் டீரிங் எழுதிய ஆர்.எஃப்.சி. 1112 போட்டுத்தந்த பாதை இது.

இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் முறைப்பாடு ஒன்று: “படம் நல்லா வருது, நாலு நிமிஷத்தில நின்றுபோகுது. வேற சனலுக்குப் போய்த் திரும்பினா மறுபடி வருது.”

அனுபவஸ்தருக்கு இதுவே போதும். கேபிளையும் சேர்வரையும் அவர் தொடமாட்டார். குவெரியர் யார் என்றுதான் பார்ப்பார். சனலைத் திறந்ததும் ரீவி ஐ.ஜி.எம்.பி. செய்தியில் “எனக்கு வேண்டும்” என்கிறது, சுவிட்ச் குறித்துக்கொள்கிறது. அந்தக் குறிப்பின் ஆயுள் வழக்கமாக 260 விநாடி. அதற்குள் யாராவது “இன்னும் வேண்டுமா” என்று மறுபடி கேட்கவேண்டும். தோட்டத்துப் பிரட்டில் பெயர் கூப்பிட ஆளில்லாவிட்டால் வந்து நிற்பவருக்கும் பெயர் விழாது அல்லவா, அதே கதை. 125 விநாடிக்கு ஒருமுறை கூப்பிடுவதே குவெரியரின் வேலை. ரீவிகள் இருக்கும் வீலானுக்கான ரவுட்டர் இடைமுகத்தில், மல்டிகாஸ்டை வழிப்படுத்தும் பிம் நெறிமுறையை இயக்கினால் ரவுட்டரே அதை ஏற்கும். ரவுட்டர் இல்லாத இடத்தில் சுவிட்சிலேயே குவெரியரை இயக்கி, அதற்கு ஒரு ஐ.பி. முகவரியும் கொடுக்கவேண்டும்.

இரண்டு குவெரியர் இருந்தால் சிறிய ஐ.பி. முகவரி உள்ளதே வெல்லும். மூலையில் கிடக்கும் மலிவான பெட்டியொன்று இப்படித் தலைமை ஏற்றுக்கொள்வதும் உண்டு.

பிம்மின் குணம் வேறு. பொதி எங்கே போகிறது என்பதைவிட எங்கிருந்து வந்தது என்பதையே அது முதலில் பார்க்கும். மூலத்துக்குத் திரும்பிப்போகும் வழியாக ரவுட்டர் நினைக்கும் இடைமுகத்தில் வராவிட்டால் பொதி குப்பைக்கு. மாற்றுவழிக்கென்று இரண்டாவது இணைப்பைப் போட்ட அன்றே படம் மறைவது பெரும்பாலும் இதனால்தான்.

முகவரித் திட்டத்திலும் ஒரு பொறி. 239.1.1.1, 239.129.1.1 இரண்டுக்கும் ஒரே மேக் முகவரி. 32 மல்டிகாஸ்ட் முகவரிகள் ஒரே மேக்கைப் பங்கிடுகின்றன. மேக்கை மட்டும் பார்க்கும் சுவிட்சில், கேட்காத சனலும் அறைக்கு வந்து இணைப்பை நிரப்பும். தாளில் எழுதி, கடைசி மூன்று எண்களையும் (இரண்டாவது எண் 128 அல்லது அதற்கு மேல் என்றால் அதில் 128ஐக் கழித்துவிட்டு) ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சனல்களுக்கு முகவரி ஒதுக்குவது நல்லது.