நாஞ்சில் நாட்டில் ஒரு செவிலிப் பசு

தேரூர் தந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்கள் பசுவையும் கன்றையும் வைத்துக் குழந்தைகளுக்காகப் பாடிய பாட்டை, பள்ளியில் சேர்ந்த முதலாண்டிலேயே நீங்கள் பாடியிருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளும் பாடியிருப்பார்கள். அந்தப் பாட்டில் பசு ஒன்று, கன்றும் ஒன்று. கவிமணி பிறந்த அதே நாஞ்சில் நாட்டில், ஒரே பசுவின் மடியில் மூன்று கன்றுகள் ஒருசேரப் பால் அருந்தும் காட்சியை அண்மையில் கண்டேன். அதனை வாசகர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து வடசேரியைக் கடந்து பூதப்பாண்டி செல்லும் பேருந்தில் ஏறி அமருங்கள். புத்தேரியைத் தாண்டியதும் நகரத்தின் இரைச்சல் ஓய்ந்து குளங்களும் வயல்களும் எதிர்ப்படும். இறச்சகுளம் கடந்தால் தாடகை மலை நெருங்கி வந்து நிற்கும். அப்பால் திட்டுவிளை. பள்ளிவாசலில் பாங்கொலி கேட்கும் வேளையில் நாங்கள் அங்கே இறங்கினோம். அருகில் பூதப்பாண்டி, அதனை ஒட்டி ஓடுவது பழையாறு.

அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய இரு வட்டங்களே பழைய நாஞ்சில் நாடு. திருவிதாங்கூருக்கு நெல் தந்த பூமி இது. 1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரு போகம் விளையும். நாஞ்சில் என்ற சொல்லுக்கே கலப்பை என்பது பொருள். ஆனால், அன்று வழிநெடுக நான் தேடிப் பார்த்தும் ஏர் பூட்டிய மாடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. உழுவதற்கு டிராக்டர், அறுப்பதற்கும் எந்திரம். பல வயல்களில் நெல்லுக்குப் பதிலாக வாழை நிற்கிறது. சிலவற்றில் வீடுகளே எழும்பிவிட்டன. கலப்பையின் பெயரைத் தாங்கிய நாட்டில் கலப்பைக்கு வேலை இல்லை. அப்படியானால், பிறக்கும் காளைக் கன்றுக்கு என்ன வேலை?

இக்கேள்வியை நீங்கள் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். உழவு மாடு தேவைப்பட்ட காலத்தில் காளைக் கன்று பிறந்தால் வீட்டில் மகிழ்ச்சி. இன்றோ, பாலுக்காகவே கலப்பினப் பசு வளர்க்கும் வீட்டில் காளைக் கன்று பிறந்தால் முகங்கள் வாடுகின்றன. அது குடிக்கும் ஒவ்வொரு லிட்டரும் சங்கத்துக்குப் போகவேண்டிய பால் என்றே கணக்கிடப்படுகிறது. அதனை யாரும் கொல்வதில்லை. பசுவை ஒட்டக் கறந்துவிட்டு, வற்றிய காம்பில் கன்றை அவிழ்த்து விடுகிறார்கள். இரண்டு மாதத்தில் எலும்பும் தோலுமாகி அது தானே படுத்துவிடுகிறது. எத்தனையோ தொழுவங்களில் இதுதான் நடக்கிறது. சொல்லத்தான் எவருக்கும் நா எழுவதில்லை.

நாங்கள் சென்ற இல்லத்து மூதாட்டி என் மனைவிக்குத் தாய்வழி உறவு. நான் மாமி என்று அழைப்பேன். கணவரை இழந்தவர். மகன்கள் கடல் கடந்து வேலை பார்க்கிறார்கள். அஸர் தொழுகை முடித்து முற்றத்தில் அமர்ந்திருந்தவர், தேநீருக்குப் பின், "வா மக்கா, எங்க வீட்டுக் கூத்தைப் பாரு" என்று தொழுவத்துக்கு அழைத்துச் சென்றார்.

செம்பழுப்பு நிறத்தில் ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று நின்றது. நான்காம் ஈற்று. முந்தைய ஈற்றில் மடிநோய் கண்டு ஒரு காம்பு அடைபட்டுப் போனதால், மற்ற மூன்று காம்புகளில்தான் பால். மாமி தடுப்பை நீக்கியதும் மூன்று கன்றுகள் பாய்ந்து வந்தன. அதன் சொந்தக் கன்றான கிடாரி, விலாப்பக்கமாக நின்று முன்காம்பைப் பற்றியது. இரண்டாவது கன்று மறுபுறம் சென்றது. மூன்றாவது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உடைய காளைக் கன்று; பின்னால் போய்ப் பின்னங்கால்களுக்கு இடையே தலையை நுழைத்துக்கொண்டது. அந்த இடத்தின் சூட்சுமத்தை மாமிதான் விளக்கினார். பக்கவாட்டில் நிற்கும் கன்றின் பின்புறத்தைப் பசு திரும்பி முகர்ந்து பார்க்கும். பின்னால் நிற்கும் கன்றை முகர முடியாது. தாய் தன்னை ஏற்கமாட்டாள் என்று அஞ்சும் கன்று அந்த வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறதாம்! மூன்று வால்களும் ஆட, மூன்று வாய்களிலும் நுரை வழிய, பத்து நிமிடத்துக்கு மேல் அந்தத் தொழுவத்தில் வேறு ஓசையே இல்லை.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? தானாக வந்தது என்றுதான் சொல்லவேண்டும். மாமிக்கு மணிக்கட்டில் வாதம், கறக்க முடியாது. கறவைக்கு வந்துகொண்டிருந்தவர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். மாற்று ஆள் கிடைக்கவில்லை. பசுவை வந்த விலைக்குத் தள்ளிவிட எண்ணியிருந்தபோது அது கன்று ஈன்றது. அதே இரவில் எதிர்வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பத்தின் பசுவும் ஈன்று, விடிவதற்குள் இறந்துபோனது. ஈன்றவுடன் பாலுக்காக உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்து திடீரென இறங்கிவிடும் 'பால் காய்ச்சல்' அது. பெயர்தான் காய்ச்சல், உடல் சூடேறாது, காதுகள் சில்லிட்டுப் போகும். ஈன்ற பசு எழ முடியாமல் தலையை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருந்தால் ஒரு நொடியும் தாமதியாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். இரத்தக் குழாயில் கால்சியம் செலுத்தினால் பெரும்பாலும் எழுந்துவிடும். அவர்கள் விடியட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

தாயற்ற அந்தக் கன்றுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது சீம்பால். பிறக்கும்போது கன்றின் இரத்தத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி இல்லை; அது சீம்பால் வழியாகவே வரவேண்டும். முதல் சில மணி நேரத்தில்தான் குடல் அதனை நன்கு உறிஞ்சும். ஒரு நாள் கழிந்தால் அந்த வாசல் அடைபட்டுவிடும். எதிர்வீட்டுக்காரர் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மாமியின் வாசலில் வந்து நின்றார். ஒரே இரவில் இரு பசுக்களும் ஈன்றது இறைவனின் ஏற்பாடு என்று மாமி நம்புகிறார். காளைக் கன்று ஒரு வாரம் கழித்து வந்தது. அது யார் வீட்டுக் கன்று என்று மாமி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பசு எளிதில் இசைந்துவிடவில்லை. ஈன்ற சில மணி நேரத்திலேயே தன் கன்றின் வாசனையைத் தாய் மனத்தில் பதித்துக்கொள்கிறது. அதற்குப் பின் வரும் கன்று அந்நியம்தான். முதல் இரவிலேயே வந்த கன்றின் மேல், சொந்தக் கன்றின் ஈரத்தைத் துடைத்த வைக்கோலையே தேய்த்தார்கள். பசு குழம்பி, நக்கி, ஏற்றுக்கொண்டது. காளைக் கன்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை. முதுகில் உப்பு நீர் தடவினார்கள். பசு உப்பை நக்கிவிட்டு உதைத்தது. அணைகயிறு கொண்டு பின்னங்கால்களைக் கட்டி, சொந்தக் கன்றை முன்னால் நிறுத்தி, காலையும் மாலையும் அருகிலேயே நின்று குடிக்க வைத்தார் மாமி. ஒன்பது நாள் இப்படி. பத்தாம் நாள் கயிறில்லாமல் விட்டார், பசு உதைக்கவில்லை. "ஏத்துக்கிடல மக்கா, சலிச்சுப் போச்சு" என்று சிரித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொந்தக் கன்றை நக்கும்போது அதன் கண்ணில் இருந்த கனிவு, சுட்டிக் கன்றின் பக்கம் திரும்பவே இல்லை. ஆயினும் பால் இறங்கியது.

பால் இறங்குவது என்பது பசுவின் விருப்பத்தைச் சார்ந்தது அல்லவா? கன்று காம்பைப் பற்றும்போது பசுவின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. அப்போதுதான் பால் இறங்கும். கன்று இறந்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன் நிறுத்திக் கறந்ததை நம் முன்னோர் வீடுகளில் கண்டவர்கள் இருப்பீர்கள். இன்று அந்தப் பொம்மைக்குப் பதிலாக ஊசி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டில் பொம்மையே மேல் என்பேன். உயிருள்ள கன்று காம்பைச் சப்பும்போது இன்னொரு நன்மையும் உண்டு. கன்றின் இரைப்பைக்குள் ஒரு வாய்க்கால் போன்ற மடிப்பு மூடிக்கொண்டு, பாலை நேரே செரிமான அறைக்கு அனுப்புகிறது. வாளியில் ஆற அமரக் கற்றுத் தராமல் மடமடவென்று குடிக்கவிட்டால், பால் வழி தவறித் தேங்கிக் கழிச்சல் காண்பதுண்டு.

ஐரோப்பிய நாடுகளில், இயற்கை வேளாண்மைச் சான்று பெறும் பண்ணைகள் கன்றுகளுக்குக் குறைந்தது 90 நாள் இயற்கைப் பாலே தரவேண்டும் என்று விதி உண்டு. ஆகவே அங்கும் சில பண்ணையாளர்கள், மடிநோய் கண்டு விற்பனைப் பாலுக்கு உதவாத பசுவையோ, கறக்கச் சிரமம் தரும் பசுவையோ ஒதுக்கி, இரண்டு மூன்று கன்றுகளை அதனிடம் விடுகிறார்கள். அவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் சொல்வதானால் செவிலிப் பசு. சங்கப் பாடல்களில் வரும் செவிலித்தாய் நமக்குப் புதியவள் அல்லளே!

செவிலித்தாய் என்றதும் உங்கள் உள்ளம் எங்கே செல்லும் என்பதை அறிவேன். பனூ ஸஅது கோத்திரத்து ஹலீமா (ரலி) அவர்களின் வீட்டில் பஞ்சம். ஒட்டகத்தின் மடி வற்றிக் கிடந்தது. அநாதைக் குழந்தையை ஏந்திய நாளில் அம்மடி சுரந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் குழந்தைப் பருவத்தில் ஒரு பக்கத்தில் மட்டுமே அருந்தி, மறுபக்கத்தைப் பால்குடிச் சகோதரருக்கு விட்டுவைத்தார்கள் என்று வரலாறு எழுதியோர் சிலர் குறிப்பிடுவர். உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தில் ஹலீமா நாயகியார் பாலூட்டியதற்கென்றே ஒரு படலம் அமைத்தார். அக்காப்பியத்துக்கு உரை கண்ட சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) இந்த நாஞ்சில் மண்ணின் இடலாக்குடியில் பிறந்தவர்.

பால் கறந்த ளிரார் இப்னு அல்அஸ்வர் (ரலி) அவர்களிடம், மடியை முற்றாக ஒட்டக் கறந்துவிடாமல், மேலும் பாலை அழைத்து வருவதற்குரியதை விட்டுவைக்குமாறு நபியவர்கள் சொன்னதாக முஸ்னது அஹ்மதில் காண்கிறோம். பால் தரும் பிராணியைப் பிறர் பயன்பெறச் சிறிது காலம் இரவலாகத் தந்து திரும்பப் பெறும் 'மனீஹா' என்னும் தர்மத்தையும் அவர்கள் மிகவும் சிறப்பித்துக் கூறினார்கள். மாமியின் தொழுவத்தில் அன்று எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது. எதிர்வீட்டாரிடம் அவர் ஒரு காசும் வாங்குவதில்லை. அவர்களோ, தம் வயல் வைக்கோலைக் கேட்காமலே கொண்டுவந்து போடுகிறார்கள்.

கணக்கும் பார்ப்போம், வாசகர்களில் மாடு வளர்ப்போர் அதைத்தான் முதலில் கேட்பீர்கள். பிறந்த கன்று சுமார் 25 கிலோ. எடையில் பத்தில் ஒரு பங்கு பால் வேண்டும் என்பது பொது அளவு. மூன்று கன்றுக்கு நாளொன்றுக்கு ஏழரை லிட்டர். மாமியின் பசு தருவது ஏறத்தாழ ஒன்பது. ஆகவே நான்காவது கன்றுக்கு இடமில்லை. 2023 டிசம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 38 ரூபாயாக உயர்த்தியது. அந்த விலையில் ஏழரை லிட்டர் 285 ரூபாய். 90 நாளில் 25,650 ரூபாய். கறவைக்கு ஆள் இருக்கும் வீட்டில் இது சிறிய தொகை அன்று. ஆள் இல்லாத வீட்டில் அந்தப் பால் எப்படியும் காசாகப் போவதில்லை, கன்றாகத்தான் மாறவேண்டும். நல்ல மடியுள்ள, ஆளும் கிடைக்கிற பசுவை இதற்கு ஒதுக்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

வேறு செலவுகளும் உண்டு. ஒன்பது லிட்டர் சுரக்கும் பசுவுக்கு நாளொன்றுக்கு ஐந்து கிலோ அளவில் அடர்தீவனம் வேண்டும்; குறைத்தால் பசு தன் உடலைக் கரைத்துக் கன்றுகளுக்குக் கொடுத்துவிட்டு நிற்கும். இடைவிடாது கன்று ஊட்டும் பசு மீண்டும் சினைப் பருவத்துக்கு வரத் தாமதமாகும். மூன்று கன்றும் ஏறக்குறைய ஒரே வயதினவாக இருக்கவேண்டும். இல்லையேல் பெரியது சின்னதன் பங்கையும் குடித்துவிடும். ஒன்றுக்குக் கழிச்சல் கண்டால் மூன்றுக்கும் காணும். உடனே பிரித்துக் கட்டவேண்டும். கருச்சிதைவு நோய், காசநோய் போன்றவை பசுவுக்கு இல்லை என்று மருத்துவரிடம் சோதித்துக்கொள்வது மிக அவசியம். மூன்றாம் வாரத்திலிருந்தே கன்றுத் தீவனமும் நல்ல புல்லும் முன்னால் வைத்தால் கொறிக்கத் தொடங்கி, மூன்று மாதத்தில் பாலை மறக்கும்.

நாங்கள் கண்டபோது கன்றுகளுக்கு ஏழு வாரம். இரண்டாவது கன்றும் கிடாரிதான். பால் மறந்ததும் எதிர்வீட்டுக்குத் திரும்பிவிடும். சொந்தக் கிடாரியை மாமி வளர்க்கப்போகிறார். சுட்டிக் கன்றைப் பற்றி நான் கேட்டேன்.

அதன் வாயோரத்து நுரையை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தவர் சற்று நேரம் பேசவில்லை. வண்டி இழுக்க ஆளில்லை; உழ நிலமில்லை; பொலிகாளைக்கும் ஊசி வந்துவிட்டது. வீட்டுக்காரர் திரும்பக் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும்; கேட்கமாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும்.

"இன்னும் அஞ்சு வாரம் பால் இருக்கு மக்கா. அதுவரைக்கும் அது குடிக்கட்டும்" என்றார். பின்பு தடுப்பைப் போட்டுவிட்டு, மஃரிபுக்கு ஒளூச் செய்யக் கிணற்றடிக்குச் சென்றார்.