வாய்தாவுக்கு முன்னர்



நம் மஹல்லாவில் ஒரு பெண் குடும்ப நல நீதிமன்றத்தின் படியேறினால், அச்செய்தி எத்துணை விரைவில் பரவும் என்பதை நீங்கள் அறிவீர்கள். குற்றம் யார் பக்கம் என்று விசாரிப்போர் பலர். அவள் கையில் என்னென்ன காகிதங்கள் உள்ளன என்று கேட்பவரைத்தான் காணோம்.

மதரஸாவில் ஓதிக் கொடுப்பது என் பணி. கல்லூரியில் வரலாறு படித்தவன் என்பதால், மனு எழுதவும் வந்த கடிதத்தைப் படித்துச் சொல்லவும் ஊரார் என்னிடம் வருவதுண்டு. அவ்வாறே, என்னிடம் ஓதும் இரு பிள்ளைகளின் தாயார் தம் அண்ணனுடன் வந்தார். கணவர் பிரிந்து சென்று பதினான்கு மாதங்கள். ஜமாஅத்தில் இருமுறை பேசியும் பயனில்லை. ஜீவனாம்ச மனு தாக்கலாகிவிட்டது. சொத்து, வருமான விவரங்களுடன் பிரமாணப் பத்திரம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வாய்தாவுக்கு மூன்று வாரங்கள் இருந்தன.

"ஹஜ்ரத், நடந்ததையெல்லாம் நேரில் சொன்னால் போதாதா?" என்று கேட்டார்.

போதாது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4ஆம் நாள் அளித்த தீர்ப்பின்படி, ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் தத்தம் வருமானம், சொத்து, கடன், செலவு அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். எதிர்த்தரப்புக்கு அதிக அளவாக நான்கு வாரங்கள். இருமுறைக்கு மேல் தவணை கேட்டு இழுத்தடித்தால், அவரது எதிர்வாதத்தையே நீக்குவது குறித்து நீதிமன்றம் பரிசீலிக்கலாம். மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்பதும் அத்தீர்ப்பே.

அன்று அஸருக்குப் பின் திண்ணையில் பாய் விரித்து அமர்ந்தோம். முதலில் தேதிகள்: நிக்காஹ் நடந்த நாள், பிள்ளைகள் பிறந்த நாள்கள், கணவர் கடைசியாகப் பணம் அனுப்பிய மாதம். நிக்காஹ் தஃப்தரின் நகலை ஜமாஅத் அலுவலகத்தில் கேட்டு வாங்க அண்ணனை அனுப்பினேன். பிறகு செலவுக் கணக்கு. வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மூத்தவனின் வீசிங் மருந்து வரை தயங்காமல் சொன்னவர், பாலுக்கு வந்ததும் நின்றுவிட்டார். "இதையுமா எழுதுவது, ஹஜ்ரத்? கேட்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?" அந்தக் கூச்சத்தினாலேயே நம் பெண்கள் பலர் தேவையில் பாதியைக் கேட்காமல் விடுகிறார்கள் என்பது என் எண்ணம். பாலையும் எழுதினோம்.

அடுத்து வந்தது கடினமான இடம். வீட்டில் தையல் தைத்து அவர் சிறிது சம்பாதிக்கிறார். "அதைச் சொன்னால் தொகையைக் குறைத்து விடுவார்கள், விட்டுவிடுங்கள்" என்றார் அண்ணன். தங்கை மீதுள்ள பரிவினால் சொன்னதுதான். ஆயினும் இது சத்தியம் செய்து கையொப்பமிடும் காகிதம். அல்லாஹ்வுக்கு அஞ்ச வேண்டியது ஒருபுறம்; குறுக்கு விசாரணையில் ஒரு பொய் வெளிப்பட்டால் மீதமுள்ள உண்மைகளையும் யார் நம்புவார்? அந்தத் தாயார் சற்று நேரம் பேசாதிருந்து, "எழுதுங்கள்" என்றார். மாதம் எவ்வளவு, எந்த மாதங்களில் தையல் வேலை வராது என்பதையும் சேர்த்தே எழுதினோம். அத்தொகை வாடகைக்கே போதாது என்பது காகிதத்திலேயே தெரிந்தது.

1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று நீதிபதிக்கே கடமை விதிக்கிறது. ஆலோசகர் இருவரையும் அழைத்துப் பேசுவார். இரு குடும்பங்களிலிருந்தும் நடுவர்களை அமர்த்துமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனம் கூறுவதை அறிந்த நமக்கு இது அந்நியமானதன்று. ஆனால் பேச்சுக்குச் செல்லும்போதும் கணக்கு கையில் இருக்கட்டும். "ஏதோ பார்த்துக் கொடுங்கள்" என்ற கோரிக்கைக்கு "ஏதோ" தான் கிடைக்கும்.

வழக்கறிஞரை உரிமையாகக் கோர அச்சட்டம் இடமளிப்பதில்லை; நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வசதியில்லையே என்று அஞ்சுவோர் கவனிக்க: 1987ஆம் ஆண்டின் சட்டப்படி, வருமானம் எதுவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். தலாக் பெற்றவர்களுக்கு இவ்வழி அடைபட்டதென்று சிலர் கூறுவது தவறு. அவர்களும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 ஜூலை 10இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. அச்சட்டத்தின் 125ஆம் பிரிவு, இப்போது புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக உள்ளது.

உத்தரவு கிடைத்தபின் தொகை வராவிட்டால், ஒவ்வொரு மாத நிலுவையையும் ஓராண்டுக்குள் வசூலிக்க மனுச் செய்ய வேண்டும். கடந்துவிட்டால் அந்த நிலுவைக்காகப் பிடிவாரண்டு பெற இயலாது. ஆகவே பணம் வந்த நாளையும் வராத மாதத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் ரொக்கமாக வாங்காமல் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்லுங்கள்.