கொய்யா மரத்துச் சுள்ளி

உக்குவளை. மழை விட்ட பின்னேரம். காற்றே இல்லை, கொய்யாவில் ஒரு சுள்ளி மட்டும் நகர்ந்தது. குச்சிப்பூச்சி! பக்கத்து வீட்டுப் பொடியன் "கும்பிடுபூச்சி" என்றான். அது இரை பிடித்துத் தின்னும். இது இலை தின்னும் சாது.

முன்னங்கால் இரண்டையும் தலைக்கு முன்னே நீட்டிச் சேர்த்தால் உடம்பே ஒரு கோடு. அந்தக் கால்களின் தொடையடியில் ஒரு வளைவு, தலை உள்ளே பொருந்துவதற்கு. தச்சன் அளவெடுத்த மாதிரி. காற்றடித்தால் தானும் பக்கவாட்டில் ஆடும். சும்மா கிடப்பதைவிட இந்த ஆட்டம்தான் கெட்டித்தனம் என்பேன்.

ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் தலைமுறை தலைமுறையாக வளரும் 'இந்தியக் குச்சிப்பூச்சி'க்குச் சொந்த ஊர் கொடைக்கானல் பக்கத்துச் செண்பகனூர். சினெட்டி என்பவர் 1901இல் விவரித்த இனம். பெயர் கராசியஸ் மோரோசஸ். மோரோசஸ் என்றால் இலத்தீனில் சிடுமூஞ்சி. பாவம், முகமே சரியாகத் தெரியாத பிராணி.

அதில் ஆண் மிக அபூர்வம். பெண் தனியாகவே முட்டையிடும், பொரிப்பவையும் பெண்ணே.

முட்டையைப் பார்த்தால் விதை என்றே சொல்வோம். ஒட்டிவைக்காமல் ஒவ்வொன்றாகக் கீழே போட்டுவிடும். பல இனங்களில் முட்டை மூடியில் ஒரு குமிழ் உண்டு. எறும்பு அதற்கு ஆசைப்பட்டு முட்டையைப் புற்றுக்குத் தூக்கிப்போய், குமிழை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். முட்டையைக் கெடுக்கும் குளவிக்கு எட்டாத இடத்தில் இலவசக் காவல். 2018இல் ஜப்பானில் இன்னொன்று பார்த்தார்கள்: கொண்டைக்குருவி இனப் பறவைக்கு முட்டைகளை ஊட்டினால், எச்சத்தோடு சில முழுசாக வெளிவருகின்றன. ஒன்றிரண்டு பொரித்தும் இருக்கின்றன. விதைக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கே?

இலைப்பூச்சி குச்சிப்பூச்சியின் உறவு. இலங்கையிலும் உண்டு, கொய்யா இலையும் தின்னும். நரம்போடு அச்சு அசல் இலை. சிலவற்றின் ஓரம் புழு அரித்ததுபோல் பழுப்பு. குஞ்சு செம்பழுப்பாகப் பிறக்கும், இலை தின்னத் தின்னப் பச்சையாகும். ஆண் ஒல்லி, உணர்கொம்பு நீளம், பறக்கும். பெண் பருமன், கொம்பு குட்டை, பறக்காது.

கொய்யாவைக் கவாத்து வெட்ட நினைத்திருந்தேன். தைக்குத் தள்ளியாயிற்று. மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்க வேண்டாமென்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.