மூக்கையூர்க் கரையிலே

சாயல்குடியிலிருந்து பனைமரக் கூட்டங்களைக் கடந்து தெற்கே சென்றால் மூக்கையூர்க் கடற்கரை. அங்கே மீனவர்களின் ஆலயம் புனித யாகப்பருக்கு உரியது. அவரும் கலிலேயாவில் வலை வீசியவர்தாம். புயலில் தத்தளித்த படகில் இயேசுநாதருடன் இருந்து பிழைத்த சீடர்; பின்னாளில் ஏரோது மன்னனின் வாளுக்கு இரையானவர்.

இதே சேது நாட்டின் வடபால் ஓரியூர் இருக்கிறது. 1686-இல் சிறைப்பட்டு, விடுதலையாகி ஐரோப்பா சென்ற அருளானந்தர், அபாயத்தை அறிந்தே திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அவ்வூரில் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

'அப்படியானால் ஆண்டவன் காத்தது எங்கே?' என்று நேயர்கள் கேட்கலாம். அலையே வராது என்று எண்ணி எந்தப் பரதவனும் படகேறுவதில்லை. அலையினூடும் ஆண்டவன் தன்னோடு இருக்கிறான் என்றே ஏறுகிறான். கரையில் மெழுகுவர்த்தி ஏற்றும் அவன் தாயின் நம்பிக்கையும் அதுவே.